ஐம்பத்தேழாம் இலக்க இரத்தம்

என் அண்ணன் கஜேந்திரனின் இரத்தம் ரவிகுமார் என்பவருடைய இலக்கத்தில் போனது. ஊசி குத்தியது நான், லேபல் ஒட்டியது நான். இதில் வேறு யாரையும் இழுக்க எனக்கு வழியில்லை. வழி இருந்திருந்தால் இழுத்திருப்பேன், அவ்வளவு நல்லவள் இல்லை நான்.

என் பேர் பிரேமிளா. கண்டியில் ஒரு மருத்துவ ஆய்வுகூடத்தில் உதவியாளர் வேலை. வீடு மஹய்யாவ. எங்கள் பக்கத்துப் பிள்ளை ஒன்று வெள்ளைக் கோட் போட்டுக்கொண்டு வேலைக்குப் போகிறது என்று தெருவுக்கே பெருமை. அந்தப் பெருமையை நான் நன்றாகப் பயன்படுத்திக்கொண்டேன். எங்கள் ஆய்வுக்கு இருதயத்துக்கு இரத்தம் கொண்டுபோகிற நாடி அடைத்துக்கொண்ட அறுபது பேரின் இரத்தமும், ஒரு நோயும் இல்லாத அறுபது பேரின் இரத்தமும் தேவைப்பட்டன. நோயாளிகள் கிளினிக்கில் கிடைத்தார்கள். நோயில்லாதவர்களை எங்கே தேடுவது? சும்மா இருக்கிற மனுஷன் எவன் ஊசி குத்திக்கொள்ள வருவான்? "எங்க ஆளுங்க வருவாங்க டொக்டர்" என்று ஆய்வுத் தலைவி டொக்டர் பஸீஹாவிடம் வாயைக் கொடுத்தேன். வந்தார்கள். மாநகர சபையில் வேலை செய்கிறவர்கள், கடைக்காரர்கள், என்னைப் பாவாடை கட்டின வயதிலிருந்து தெரிந்தவர்கள். சனிக்கிழமை காலைகளில் சனசமூக மண்டபத்துக்கு வெறும் வயிற்றோடு வந்து கதிரையில் உட்கார்ந்து கையை நீட்டினார்கள். என்ன ஏது என்று முக்கால்வாசிப் பேர் கேட்கவுமில்லை. பிரேமி கேட்கிறாள், கொடுப்போம்.

கேட்ட ஒரே ஆள் அண்ணன்தான். மாநகர சபையின் தண்ணீர்ப் பகுதியில் குழாய் பொருத்துகிற வேலை அவருக்கு. "குழாய்க்குள்ள துரு புடிச்சு அடைக்கிற மாதிரிதானே?" என்பார். எனக்குக் கோபம் வரும். குழாய் செத்த சாமான். நாடியின் சுவர் உயிரோடு இருக்கிறது. அந்தச் சுவரில் தசைக் கலங்கள், அதாவது செல்கள், இருக்கின்றன. சுருங்குவதும் விரிவதும் அவற்றின் வேலை. எப்போதோ ஒரு நாள் சில கலங்கள் அந்த வேலையைக் கைவிட்டுவிடுகின்றன. பெருக ஆரம்பிக்கின்றன, உள்பக்கமாக நகர்கின்றன, இரத்தம் போகிற வழியில் குவிகின்றன. ஆள் வெளியே சாதாரணமாகச் சோறு தின்றுகொண்டிருப்பார். கலங்களை அவற்றின் சொந்த வேலையில் பிடித்து வைத்திருக்கிற மிகச் சின்னத் துண்டுகள் உண்டு. மைக்ரோ ஆர்.என்.ஏ. என்று பேர். கலம் மாறும்போது அவற்றின் அளவும் மாறும். அவற்றில் கொஞ்சம் இரத்தத்திலும் கலந்து வரும். அந்த அளவை வைத்து, நெஞ்சு வலிப்பதற்கு முந்தியே சுவருக்குள் நடப்பதைச் சொல்ல முடியுமா என்பதுதான் எங்கள் கேள்வி. முடியும் என்று யாரும் இன்னும் அடித்துச் சொல்லவில்லை.

"அப்ப துரு இல்ல, சுவரே வேலை நிறுத்தம் செய்யுதுங்கிற" என்றார் அண்ணன். அதற்கு மேல் எனக்கு விளக்கத் தெரியவில்லை.

கார்த்திகையில் ஒரு சனிக்கிழமை. அன்றைக்கு நான்கு பேர் வந்தால் அறுபதும் முடிந்தது. மூன்று பேர் கொடுத்துவிட்டுப் போனார்கள். மிச்சம் ஐம்பத்தேழாம் இலக்கம், ரவிகுமார். மாநகர சபையில் கிளார்க். சிகரெட் இல்லை, குடி இல்லை, சீனி வருத்தம் இல்லை. முதல் கிழமையே படிவத்தில் ஒப்பம் வைத்தவர். மனுஷன் சொன்ன நேரத்துக்கு வந்தார். கறுப்பு வேட்டி, நெற்றி நிறையத் திருநீறு, கழுத்தில் துளசி மாலை.

"கோவிச்சுக்காதீங்கம்மா. நேத்து மாலை போட்டுட்டேன். மலைக்குப் போய்ட்டு வர்ற வரைக்கும் ரத்தம் கித்தம் ஒண்ணும் வேணாம்னு குருசாமி சொல்லிட்டாரு."

"ரவியண்ணே, மூணு நிமிஷ வேலை" என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டேன். மாலை போட்டவரைச் சாமி என்றுதான் கூப்பிட வேண்டும். "சாமி, கொஞ்சூண்டு ரத்தம்தான்."

"சாமி காரியம்மா" என்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போய்விட்டார்.

அவரைக் குற்றம் சொல்ல என்ன இருக்கிறது? படிவத்தில் 'விலகிக்கொண்டார்' என்று ஒரு வார்த்தை எழுதியிருந்தால் இந்தக் கதையே இல்லை. ஆனால் திங்கட்கிழமை பெட்டி கொழும்புக்குப் போக வேண்டும். அங்கே இயந்திரத்தில் எங்களுக்கு ஒதுக்கின நாள் தவறினால் மாசிக்குப் பிறகுதான். வெள்ளிக்கிழமை பின்னேரமே டொக்டர் பஸீஹா போனில் "அறுபதும் சரிதானே பிரேமிளா?" என்று கேட்டார். "சரி டொக்டர்" என்றேன். அந்தச் சரியைக் காப்பாற்றத்தான் மற்றதெல்லாம்.

அந்த நேரம் பார்த்து அண்ணன் என்னைக் கூட்டிப்போக மண்டப வாசலில் மோட்டார் சைக்கிளை நிறுத்தினார். ஹந்தானைப் பக்கம் பெரிய குழாய் வெடித்து, விடியற்காலம் நாலு மணிக்கே போனவர். காற்சட்டையெல்லாம் சேறு.

"ஏதாச்சும் சாப்ட்டீங்களா அண்ணே?"

"எங்க சாப்புட? தேத்தண்ணி கூட இல்ல."

வயது நாற்பத்துநான்கு. ரவிகுமாருக்கு நாற்பத்துமூன்று. குடியில்லை, சிகரெட்டில்லை, வெறும் வயிறு. ஆய்வில் வேலை செய்கிறவர்களின் சொந்தக்காரர்களைச் சேர்க்கக் கூடாது என்பது விதி. அந்த விதியை டைப் பண்ணியதே நான்.

"சட்டைக் கையை மடிங்க. ஒரு ஆள் குறையுது."

"வலிக்காம குத்து" என்றார். வேறொன்றும் கேட்கவில்லை.

ஐம்பத்தேழு என்று அச்சடித்த லேபலை ஒட்டி, மற்ற மூன்றோடும் சேர்த்து ஆய்வுகூடத்துக்கு ஓடினேன். இரத்தத்தை உடனே சுழற்றிப் பிரிக்காவிட்டால் சிவப்புக் கலங்கள் உடைந்து, அவற்றுக்குள் இருக்கிற துண்டுகளும் வந்து கலந்து, எல்லா அளவும் பிழையாகிவிடும். என் கையில் அப்படி ஒரு குழாயும் பிழையானதில்லை. அதில் நான் கெட்டிக்காரி.

சித்திரை வருஷப் பிறப்பு முடிந்து முடிவுகள் வந்தன. டொக்டர் பஸீஹா கணினியில் படத்தை விரித்தார். இடது பக்கம் நோயாளிகளின் அறுபது புள்ளிகள், வலது பக்கம் நல்ல உடம்புக்காரர்களின் அறுபது புள்ளிகள். இரண்டு கூட்டமும் ஓரளவு பிரிந்துதான் நின்றன. டொக்டரின் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். பிறகு பேனையால் ஒரு புள்ளியைத் தொட்டார். நல்லவர் கூட்டத்திலிருந்து விலகி, நோயாளிகளிலும் மோசமானவர்களோடு போய் நின்றது.

"இது யாரு? அம்பத்தேழு. இரத்தம் ஒடஞ்சீக்குமா?"

நானே சோதித்தேன். உடையவில்லை. தண்ணீர் மாதிரிச் சுத்தம். என் கெட்டிக்காரத்தனம் எனக்கே எமனாக வந்து நின்றது.

"ஒரு ஆள்ட அளவ வச்சு ஒண்டும் சொல்ல ஏலாது" என்றார் டொக்டர். "இது ஆய்வு, நோய் பார்க்கிற டெஸ்ட் இல்ல." அது எனக்கும் தெரியும். தெரிந்து என்ன? டொக்டருக்கு அது ஒரு புள்ளி. எனக்கு அது மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து பருப்பைப் பிசைந்து தின்கிற அண்ணன். அப்பா அம்மா போன பிறகு என்னைப் படிக்க வைத்த மனுஷன்.

அன்றிலிருந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் வீட்டுக்கு வீதியிலிருந்து நாற்பத்தைந்து படி. முப்பதாவது படியில் நின்று தாடையைத் தடவினார். "என்ன அண்ணே?" "வாயு." அண்ணி தர்ஷிகா இஞ்சி தட்டிக் கொடுப்பார். ஒரு கிழமையில் மூன்று நாள் இஞ்சி. வாயு தாடைக்கு வருமா என்று அந்த வீட்டில் கேட்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான்.

நச்சரித்து அரசாங்க கிளினிக்குக்கு அனுப்பினேன். காலை ஆறு மணிக்கு வரிசையில் நின்று பகல் ஒரு மணிக்கு வந்தார். இ.சி.ஜி. நல்லது, கொழுப்பு கொஞ்சம் கூடுதல், பிரஷர் பரவாயில்லை. வரிசை நீளம், டொக்டருக்கு ஆளுக்கு நாலு நிமிஷம். இவர் அங்கே போயும் வாயு என்றுதான் சொல்லியிருக்கிறார். வாயுவுக்குக் குளிசை கொடுத்து அனுப்பிவிட்டார்கள். ஸ்கேன் எடுக்கச் சொல்லி எழுத அவர்களுக்கு ஒரு காரணம் வேண்டும். என்னிடம் காரணம் இருந்தது. அது ரவிகுமாருடையது.

டொக்டர் பஸீஹா சும்மா விடுகிற ஆளில்லை. அந்த ஒரு புள்ளிக்காக நெறிமுறைக் குழுவுக்கு எழுதினார். ஐம்பத்தேழாம் ஆளை அழைத்து நெஞ்சு நாடிக்கு ஸ்கேன் எடுக்க அனுமதி வாங்கினார். அலுமாரியைத் திறந்து பெயர்ப் பட்டியலை எடுத்து வாசித்தார். "ரவிகுமார். உங்கட ஊர் ஆளுதானே? நீங்களே பேசுங்க பிரேமிளா. பயப்படுத்தாம சொல்லுங்க."

ஆப்பசைத்த குரங்கு கதையைச் சின்ன வயதில் சிரித்துச் சிரித்துக் கேட்டவள் நான்.

அன்று பின்னேரம் அண்ணனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அழுதுகொண்டே சொன்னேன். அவர் கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "நான் ரவிகுமாரா?" என்று சிரித்தார். "அந்த ஆளு என்னை விடக் கறுப்பாச்சே."

"நாளைக்கே டொக்டர்ட்ட சொல்லிடுறேன்."

"சொன்னா ஒன் வேலை?"

"போகும்."

"அப்பறம் எவன் ஒனக்கு வேலை தருவான்? களவு செஞ்சவள்னு எழுதி வச்சுருவாங்க. வேணாம். ஸ்கேன்தானே, நானே போறேன். ஒண்ணும் இல்லன்னு வந்தா கதை முடிஞ்சுது."

டொக்டர் அவர்கள் இரண்டு பேரையுமே நேரில் பார்த்ததில்லை. அது சரியாகப் பட்டது. பயந்தவளுக்கு எதுவும் சரியாகத்தான் படும். ரவிகுமார் வீட்டுக்கு நான் தனியாகப் போனேன். தையில் மலைக்குப் போய்வந்து மாலை கழற்றியிருந்தார். விஷயத்தைச் சொன்னேன். "நம்ம கஜேந்திரனுக்கா?" என்று மட்டும் கேட்டார். பிறகு, "எம் பேரை வச்சுக்கங்க தங்கச்சி. யாராச்சும் எங்கிட்ட நேர்ல கேட்டா மட்டும் பொய் சொல்ல மாட்டேன்" என்றார். அவர் நல்ல மனுஷன் என்பதே எனக்கு எரிச்சலாக இருந்தது.

ஸ்கேன் அன்று தாதி "ரவிகுமார்!" என்று மூன்று முறை கூப்பிட்டாள். அண்ணன் சுவரிலிருந்த கலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார். முழங்கையால் இடித்து எழுப்பினேன். முக்கால் மணித்தியாலத்தில் வெளியே வந்தார். அதற்குப் பிறகு ஸ்கேன் முடிவோடு வந்தவர் டொக்டர் பஸீஹா.

இருதயத்துக்குப் போகிற இடது பிரதான நாடியில் எழுபது வீதம் அடைப்பு. அங்கே அடைத்தால் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக நேரம் கிடைக்காது. சத்திரசிகிச்சை செய்ய வேண்டும், சீக்கிரம் செய்ய வேண்டும்.

"பயப்பட வேணாம் ரவிகுமார்" என்றார் டொக்டர். "அல்லாஹ் காப்பாத்தினான். நெஞ்சு வலிக்க முந்தியே கண்டுபுடிச்சீக்கி. நான் சத்திரசிகிச்சை டொக்டர்ட்ட பேசிட்டேன், புதன்கிழமை வார்ட்டுக்கு வாங்க. அடையாள அட்டையும் கொண்டு வாங்க, மனைவியும் ஒப்பம் வைக்க வரணும்."

என் பக்கம் திரும்பியபோது அவர் கண் கலங்கியிருந்தது. "மூணு வருஷ வேலை பிரேமிளா. ஒரு ஆள்ட உசிரு தப்பினாலும் போதும்." என் பொய்க்குள் ஒரு உண்மை அகப்பட்டுக் கிடந்தது. அது இன்னாருடையது என்று சொல்ல என்னால் முடியவில்லை. வாயைத் திறந்தேன். அண்ணன் என் காலை மிதித்தார்.

திரும்பி வரும்போது மஹய்யாவ சுரங்கப் பாதைக்குள் த்ரீவீலர் மாட்டிக்கொண்டது. முன்னால் பஸ், பின்னால் லொறி. இரண்டு பக்கமும் கருங்கல் சுவர், உள்ளே புகை. ஒரு வண்டியும் அசையவில்லை.

"ரவிகிட்ட அடையாள அட்டையக் கேட்டுப் பாரு" என்றார் அண்ணன். "படத்துல எல்லா மூஞ்சியும் ஒண்ணுதான்."

"பைத்தியமா உங்களுக்கு? அண்ணிக்கு என்ன சொல்றது?"

"அவளுக்குத் தெரிய வேணாம். வேலை விஷயமா கலகெதரைப் பக்கம் தங்குறேன்னு சொல்லு. ஒப்பத்த நீயே வையி, பொண்டாட்டின்னு."

"நெஞ்சைப் பொளந்து மூடுவாங்க அண்ணே! வேலைக்குப் போய்ட்டு வந்த மாதிரியா வருவீங்க?"

"வந்தா கஜேந்திரன் வருவேன். வராட்டி ரவிகுமார் செத்தான்னு எழுதிக்கட்டும்." சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது. கை தாடைக்குப் போனது. நெற்றியில் வேர்வை பொடித்திருந்தது. பின்னால் லொறிக்காரன் ஹோர்னை அழுத்திக்கொண்டே இருந்தான்.

அண்ணன் அந்தப் பேரில் செத்துப்போனால் பிணவறையில் அண்ணி யாரைக் கேட்பார்? கட்டின புருஷனின் உடம்பைக் கொடு என்று கேட்க அந்தப் பெண்ணுக்கு ஒரு துண்டுக் காகிதம் இருக்காது. ரவிகுமாரின் மனைவி வந்து ஒப்பம் வைத்துத்தான் என் அண்ணனை வெளியே எடுக்க வேண்டும். இத்தனையும் நான் ஒரு போனில் சொன்ன 'சரி'க்காக. என் மேலேயே எனக்கு அருவருப்பாக இருந்தது.

வண்டிகள் நகர்ந்தபோது நான் முடிவெடுத்திருந்தேன். அண்ணனிடம் சொல்லவில்லை. சொன்னால் தடுப்பார்.

மறுநாள் காலை எட்டு மணிக்கு டொக்டரின் அறையில் நின்றுகொண்டே சொன்னேன். மாலை, குருசாமி, வெடித்த குழாய், தேத்தண்ணி குடிக்காத அண்ணன், கலண்டரைப் பார்த்தது வரை ஒன்றும் விடவில்லை. நான் முடித்ததும் டொக்டர் போனை எடுத்தார். வார்ட்டுக்குத்தான். சிங்களத்தில் பேசினார். புதன்கிழமைக் கட்டிலுக்குப் பேர் தவறாகக் கொடுத்துவிட்டோம், நோயாளியின் பேர் கஜேந்திரன், வயது நாற்பத்துநான்கு, கட்டிலை வேறு ஒருவருக்கும் கொடுக்க வேண்டாம், பிழை எங்களுடையது. எங்களுடையது என்றார். அந்த வார்த்தைக்குத்தான் நான் அழுதேன்.

"நானாவுக்குப் போய்ச் சொல்லுங்க. அவர்ட மனைவிக்கும் சொல்லுங்க. இன்டைக்கே." நானா என்றது அண்ணனை.

"சரி டொக்டர்."

"நில்லுங்க." அலுமாரியைத் திறந்து பெயர்ப் பட்டியலை மேசையில் வைத்தார். அறுபது பெயர்கள், ஒவ்வொன்றின் பக்கத்திலும் என் சிறிய ஒப்பம். "மத்த அம்பத்தொம்பது?"

"அதெல்லாம் சரியான ஆளுங்க டொக்டர். இது ஒண்ணுதான். சத்தியமா இது ஒண்ணு மட்டும்தான்."

"ஈக்கலாம்." குரலில் கோபமே இல்லை. கோபம் இருந்திருந்தால் நான் எதிர்த்துப் பேசியிருப்பேன். "நான் எப்படி எழுதுற? நீங்க சொன்னீங்க எண்டா?"

சனிக்கிழமை சனிக்கிழமையாக வெறும் வயிற்றோடு வந்தவர்களை நினைத்தேன். கடையைப் பிந்தித் திறந்தவர்கள், அரை நாள் சம்பளத்தை விட்டவர்கள், என்ன ஏது என்று கேட்காமல் கையை நீட்டினவர்கள். ஒவ்வொருவரையும் எனக்குத் தெரியும். ஒவ்வொரு குழாயும் அவரவருடையதுதான். அதை நிரூபிக்க என் வார்த்தையைத் தவிர ஒன்றும் இல்லை.

டொக்டர் அடிமட்டத்தை வைத்து முதல் பெயரில் இருந்து கோடு இழுக்க ஆரம்பித்தார். அவசரப்படாமல், ஒவ்வொரு பெயராக வெட்டிக்கொண்டு வந்தார். ஐம்பத்தேழாம் வரிக்கு வந்ததும் ரவிகுமாரை வெட்டி, பக்கத்தில் கஜேந்திரன் என்று எழுதினார். அதற்குக் கீழே இருந்த மூன்றையும் வெட்டினார்.

"அறுபதுல இது யார்ட இரத்தம் எண்டு எனக்கு நிச்சயமா தெரிஞ்சது இந்த ஒண்டுதான் பிரேமிளா" என்றார்.

அண்ணியிடம் சொல்வதற்காக நான் வீட்டுக்குப் படியேறினேன்.